கொறங்காட்டுச் செடி நாற்றுகளில் வேரழுகல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கம் கொறங்காட்டு (உயிர்வேலி அடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலத்தின்) வேலிக்கும் தரிசு நிலத்துக்கும் ஆவாரை, விராலி, வெள்வேல், கிளுவை என்று நாற்று வளர்ப்பவர்கள் இப்போது அதிகமாகியிருக்கிறார்கள். மொட்டை மாடியில் அடீனியம் (பாலைவன ரோஜா) வளர்ப்பவர்களும் நிறைய. எல்லோரிடமிருந்தும் வரும் கேள்வி ஒன்றுதான்: வெயிலில் காயும் காட்டில் தானாக முளைத்து நிற்கும் செடி, பையில் வைத்துத் தினமும் கவனித்தால் ஏன் அழுகிச் சாகிறது?

நாத்து தலை தொங்குது, மண்ணோ ஈரமா இருக்குதுங்க. இன்னும் தண்ணி விடலாமுங்களா?

விடக்கூடாது. மண் காய்ந்து செடி வாடினால் அது தாகம். மண் ஈரமாக இருக்கும்போதே வாடினால் வேர் வேலை செய்யவில்லை என்று பொருள். நீர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும் உறிஞ்சி மேலே அனுப்ப வேர் இல்லை. இந்த நிலையில் ஊற்றும் ஒவ்வொரு குவளைத் தண்ணீரும் பூஞ்சைக்குத்தான் போகும். நாற்றங்காலில் பல நாற்றுகள் இந்தத் தவறான இரண்டாவது தண்ணீரால்தான் போகின்றன.

சந்தேகம் வந்தால் ஒரு நாற்றைப் பலி கொடுத்துப் பாருங்கள். பையைப் பிளேடால் நெடுக்கக் கீறி, மண்ணை வாளித் தண்ணீரில் மெதுவாகக் கரைத்து, வேரைக் கண்ணாடி டம்ளரில் மிதக்க விட்டு வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல வேர் வெளுப்பாக, முனை கூராக இருக்கும். கெட்ட வேர் பழுப்பாக, முனை மழுங்கி, தொட்டால் கொழகொழவென்று இருக்கும்.

வறட்சி தாங்கும் செடிக்கு ஏன் வேர் அழுகல்?

வறட்சி தாங்குவதும் ஈரம் தாங்குவதும் வேறு வேறு குணம். சரளைக் காட்டில் முளைக்கும் ஆவாரை முதலில் ஆணிவேரைக் கீழே இறக்கிவிட்டுத்தான் இலையைப் பெருக்கும். அந்த மண்ணில் மழை நின்ற சிறிது நேரத்தில் நீர் வடிந்து, துகள்களுக்கு இடையில் காற்று நிறைந்துவிடும். அந்த வேர் காற்றோட்டத்துக்குப் பழகியது. பையில் மண் அடைந்து நீர் தங்கினால் வேர் மூச்சுத் திணறும், முனைகள் சாகும், செத்த முனை வழியாகச் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் கசியும். மண்ணில் உறங்கிக் கிடக்கும் பூஞ்சைக்கு அதுவே அழைப்பு. ஆகவே மருந்தைப் பற்றி யோசிக்கும் முன் மண்ணில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். கீழே வரும் பதில்கள் எல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும்.

எந்தப் பூஞ்சை என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். முயற்சி செய்வது நல்லது, ஏனென்றால் ஒன்றுக்குக் கேட்கும் மருந்து இன்னொன்றுக்குக் கேட்காது.

பித்தியம்: சரியாகச் சொன்னால் இது பூஞ்சையே அல்ல, பூஞ்சை போலத் தோன்றும் நீர்வாழ் உயிரி. இதன் வித்துகள் நீரில் நீந்திப் போய் வேரைப் பிடிக்கும். முளைத்து ஒன்றிரண்டு வாரத்துக்குள் நாற்று நீர் கோத்தாற்போல் தூரில் (தண்டின் அடியில்) மெலிந்து சாயும். வேரை இரண்டு விரலால் பிடித்து மெல்ல உருவினால் மேல்தோல் உறைபோல் கழன்று வந்து, உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். இதைப் பார்த்துவிட்டால் பெரும்பாலும் சந்தேகம் தேவையில்லை.

ரைசோக்டோனியா: மண்மட்டத்தில் செம்பழுப்பு நிறத்தில் குழிந்த புண். தண்டு அந்த இடத்தில் கம்பிபோல் இறுகிச் சிறுக்கும். சில நாற்று சாயாமல் நின்றபடியே காயும்.

பியூசேரியம்: சற்று வளர்ந்த நாற்றில் கீழ் இலை மஞ்சளாகி, ஒரு பக்கமாக வாடும். தண்டைச் சாய்வாக வெட்டினால் உள்ளே பழுப்புக் கோடு தெரியும்.

மேக்ரோபோமினா: வெயில் காலத்து எதிரி. வேர்ப்பட்டை நார் நாராக உரியும். உரிந்த பட்டையின் உட்புறம் கரித்தூள் தூவியதுபோல் நுண்ணிய கறுப்புப் புள்ளிகள் இருக்கும். அவைதான் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும் உறக்க முடிச்சுகள்.

ஸ்கிளிரோசியம்: தூரில் வெள்ளைப் பஞ்சு இழை. பிறகு கடுகு அளவில் வெள்ளையாகத் தொடங்கிப் பழுப்பாகும் உருண்டைகள். நிலக்கடலைத் தண்டழுகலைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய முகம்.

அடையாளம் தெளியவில்லை என்றால், கழுவிய வேரை ஈர டிஷ்யூ விரித்த பிளாஸ்டிக் டப்பாவில் மூடி, நிழலில் இரண்டு மூன்று நாள் வையுங்கள், பூஞ்சை இழை வளர்ந்து தெரியும். கடுகு உருண்டைக்கு மட்டும் இன்னும் சில நாள் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். செத்து நாளான வேரை வைத்தால் அதில் வளர்வது பிணம் தின்னும் பூசணமாக இருக்கலாம். இப்போதுதான் வாடத் தொடங்கிய நாற்றை எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: சித்திரை வெயிலில் மண்மேற்பரப்பு கொதித்து, தூரின் தோல் ஒரு பக்கமாக வெந்து சுருங்குவதும் உண்டு. அது நோயல்ல. வேர் வெளுப்பாக இருக்கும். நிழல்வலை போட்டால் நின்றுவிடும். வெயிலில் கிடந்த ஹோஸ் பைப்பில் முதலில் வரும் சுடுநீரும் இதையே செய்யும். அந்த நீரைக் கீழே ஓடவிட்டுப் பிறகு நாற்றுக்குப் பிடியுங்கள்.

எந்த மாதத்தில் எது வரும்?

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பித்தியமும் ரைசோக்டோனியாவும். பங்குனி, சித்திரையில் மேக்ரோபோமினா. அதிலும் இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளம் விடுகிற இடங்களில் அதிகம். ஆடிக் காற்றில் மேல்மண் மட்டும் சட்டென்று காய்ந்துவிடும், அடியில் ஈரம் நிற்கும். மேலே பார்த்துத் தண்ணீர் விட்டு ஏமாறுவது அப்போதுதான்.

பைக்கு மண் கலவை எப்படி?

செம்மண் ஒரு பங்கு, கழுவிய பெருமணல் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் அரைப் பங்கு. எல்லா நாற்றங்காலிலும் பழகிப்போன இரண்டு பங்கு மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு எரு என்ற அளவு வேம்புக்கும் புங்கனுக்கும் சரி. வறட்சிச் செடிக்கு அது கனம்.

செம்மண்ணை எங்கே எடுக்கிறீர்கள் என்பது முக்கியம். நிலக்கடலை, எள், தட்டைப்பயறு, சோளம், ஆமணக்கு போட்ட காட்டு மண்ணில் மேக்ரோபோமினா குடியிருக்க வாய்ப்பு அதிகம், அத்தனை பயிரும் அதற்குத் தீனி. உழாத மேட்டுத் தரிசில், மேல்மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு ஒதுக்கிவிட்டு எடுங்கள்.

ஆற்று மணல் கிடைப்பதில்லை என்று எம்-சாண்ட் போடுபவர்கள் அதன் கல்மாவைக் கழுவாமல் போடுகிறார்கள். அந்த மாவு நனைந்ததும் சிமெண்டுபோல் இடுக்குகளை அடைத்துவிடும். வாளியில் போட்டு, கலங்கல் தெளியும்வரை நான்கைந்து முறை கழுவுங்கள்.

தென்னை நார்க்கழிவு பொள்ளாச்சி, உடுமலை பக்கம் மலிவாகக் கிடைப்பதால் பையில் பாதி அதையே நிரப்பும் பழக்கம் வந்துவிட்டது. அது தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும். தக்காளி நாற்றுக்கு வரம், ஆவாரைக்குக் கேடு. போட்டே ஆக வேண்டுமென்றால் கலவையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், அதுவும் உப்புப் போகக் கழுவி மக்கியதாக இருக்கட்டும்.

எரு மக்கியதா என்று பார்க்க, ஒரு கைப்பிடியை ஈரத்தோடு பாலித்தீன் பையில் கட்டி இரண்டு நாள் வைத்துத் திறந்து பாருங்கள். சூடும் நெடியும் இருந்தால் இன்னும் ஆகவில்லை. வேப்பம் புண்ணாக்குத் தூள் சேர்ப்பதானால் 100 கிலோ கலவைக்கு 1 கிலோ, விதைப்புக்கு இரண்டு வாரம் முன்பே. புதிதாகப் போட்டால் அதுவே வேரைச் சுடும்.

கலவை சரியா என்று ஒரு பையில் நிரப்பி நீர் ஊற்றிப் பாருங்கள். மேலே தேங்கிய நீர் அரை நிமிடத்துக்குள் இறங்கி, அடித்துளையில் ஒழுக வேண்டும். இல்லையென்றால் மணலைக் கூட்டுங்கள்.

குழித்தட்டு நல்லதா, பை நல்லதா?

ஆணிவேர் செடிக்கு உயரமான பை. குறைந்தது 13 சென்டிமீட்டர் அகலம், 25 சென்டிமீட்டர் உயரம். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கை வசத்தில் கையில் பிடியுங்கள். சொட்டு நின்றதும் அப்படியே நிமிர்த்திப் பிடியுங்கள், மறுபடி நீர் ஒழுகும். பையும் அப்படித்தான். வடிந்த பிறகும் அடியில் ஒரு பட்டை ஈரம் நிற்கும், உயரம் குறைந்த தட்டில் அந்தப் பட்டையே தட்டு முழுவதும். அதனால்தான் அடியில் ஜல்லி போட்டாலும் பயனில்லை, ஈரப்பட்டை ஜல்லிக்கு மேலே ஏறி நிற்கும், அவ்வளவுதான். ஜல்லியைப் பைக்குள் போடாமல் பைகளுக்கு அடியில் தரையில் 5 சென்டிமீட்டர் பரப்புங்கள். பை மண்தரையைத் தொடாது, அடுத்த பையிலிருந்து வழியும் நீரும் தேங்காது. அடியிலும் பக்கத்திலுமாகப் பன்னிரண்டு துளையாவது இருக்கட்டும்.

தண்ணீர் எப்போது, எவ்வளவு?

நாளைக் கணக்கு வைத்து ஊற்றாதீர்கள், எடையைப் பாருங்கள். நன்றாக நனைத்து வடிந்த ஒரு பையைத் தூக்கிப் பாருங்கள், காய்ந்த பையையும் தூக்கிப் பாருங்கள். நாலு நாளில் கை பழகிவிடும். நனைந்த எடைக்கும் காய்ந்த எடைக்கும் நடுவில் வந்த பிறகு, காலையில், அடித்துளையில் ஒழுகும்வரை ஒரே தடவை. தினம் கொஞ்சம் தெளிப்பதுதான் கெடுதல்: மேலே எப்போதும் ஈரம், அடியில் வேர் இறங்காது. மாலைத் தண்ணீர் இரவு முழுவதும் தூரை நனைத்து வைக்கும். முளைக்கும்வரை மட்டும் மேல்மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு இலை விரிந்ததும் இடைவெளியைக் கூட்டுங்கள்.

தொட்டித் தண்ணியில நோய் வருமுங்களா?

வரும். பாசி பிடித்த திறந்த தொட்டியும் பண்ணைக் குட்டையும் பித்தியத்துக்கு நல்ல வீடு. ஹோஸ் முனையைத் தரைச் சேற்றில் போட்டுவிட்டு அப்படியே எடுத்துப் பிடிப்பதும் நோயைக் கொண்டுபோகும். முனையை மாட்டி வைக்க ஒரு கொக்கி அடியுங்கள், செலவே இல்லாத மருந்து அது. தொட்டியைத் தேய்த்துக் கழுவி, மூடி போட்டு, 1000 லிட்டருக்குச் சுமார் 10 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, இரவு முழுவதும் விட்டுக் காலையில் பயன்படுத்தலாம். அன்றைக்கு டிரைக்கோடெர்மா (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நன்மைப் பூஞ்சை) ஊற்ற வேண்டாம், குளோரின் அதையும் கொல்லும்.

ஆவாரை விதையை ஊறப்போட்டால் பாதி அழுகிவிடுகிறதே?

விதைத்தோல் கடினம். நீரைக் கொதிக்க வைத்து, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு விதையைப் போட்டு, 12 மணி நேரம் விட்டால் போதும். அடுப்பில் வைத்தே வேகவிடுவதும், மூன்று நாள் அதே நீரில் ஊறவிடுவதும்தான் அழுகலுக்குக் காரணம். உப்பிய விதையை மட்டும் எடுத்து, நிழலில் நீர் வற்ற உலர்த்தி, கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி பொடியைப் பிசறி அன்றே விதையுங்கள். உப்பாத விதைக்கு மறுபடி ஒரு சுடுநீர். வெள்வேலுக்கும் இதே முறை. விதை பருமனைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆழம் வேண்டாம். மேலே மண்ணுக்குப் பதில் மணலைத் தூவினால் தூர் உலர்ந்து நிற்கும்.

வெயிலில் மண்ணைச் சுட்டு எடுப்பது பலன் தருமா?

பங்குனி, சித்திரை வெயில் நமக்குக் கிடைத்த இலவச உலை. கலவையை 15 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பி, நன்றாக நனைத்து, நிறமில்லாத பாலித்தீன் தாளால் மண்ணை ஒட்டி மூடி, ஓரம் முழுவதும் மண் போட்டு அடையுங்கள். 25 முதல் 50 மைக்ரான் தாள், நான்கு முதல் ஆறு வாரம். கறுப்புத் தாள் வேண்டாம், அது தான் சூடாகி வெயிலைக் கீழே விடாது. காய்ந்த மண்ணை மூடுவதும் வீண், ஈரச் சூடுதான் பூஞ்சையைக் கொல்லும். பித்தியம், ரைசோக்டோனியா நன்றாக அடங்கும். மேக்ரோபோமினா வெப்பம் தாங்கும் இனம், முழுதும் போகும் என்று நம்ப வேண்டாம். தாள் எடுத்த மண்ணை மறுபடி வெறுந்தரையில் கொட்டினால் ஆறு வார உழைப்பும் போச்சு.

டிரைக்கோடெர்மா போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. ஏன்?

பெரும்பாலும் நான்கு காரணம். பாக்கெட் பழையது: டால்க் பொடியில் உயிர் சில மாதம்தான், தயாரிப்புத் தேதி பார்த்து வாங்குங்கள், கடை அலமாரியில் வெயில் படும் இடத்தில் இருந்ததை வாங்காதீர்கள். தீனி இல்லாத வெறும் மணலில் போட்டது. கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியை ஊற்றிய கையோடு போட்டது: இரண்டுக்கும் குறைந்தது 15 நாள் இடைவெளி வேண்டும். நான்காவது, நாற்று சாய ஆரம்பித்த பிறகு போட்டது. இது காவல்காரன், வைத்தியன் அல்ல. திருடன் வருமுன் ஊரில் இருக்க வேண்டும்.

பெருக்கும் முறை: மக்கிய தொழுவுரம் 100 கிலோ, பொடி 1 கிலோ, கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி அடுக்குங்கள். பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், பிழிந்தால் சொட்டக்கூடாது, அந்த அளவு ஈரம். நிழலில் நனைந்த சாக்கால் மூடி, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை புரட்டினால் 10 முதல் 15 நாளில் வெள்ளை படர்ந்து பச்சை தட்டும். இதைக் கலவையில் பத்துக்கு ஒன்று சேர்த்துப் பையை நிரப்புங்கள். கறுப்பு தட்டி நாற்றமடித்தால் ஈரம் மிகுந்துவிட்டது, அதைப் பைக்குப் போடாதீர்கள்.

அப்படியும் வந்துவிட்டால் எந்த மருந்து?

நூல்போல் வேர் உருவி வந்தால், அதாவது பித்தியம் என்றால், மெட்டலாக்சில், மேன்கோசெப் கூட்டு மருந்து லிட்டருக்கு 2 கிராம். கார்பென்டசிம் இதற்குக் கேட்கவே கேட்காது. ஆனாலும் கடையில் முதலில் கையில் கொடுப்பது அதைத்தான். செம்பழுப்புப் புண், தண்டுக்குள் பழுப்புக் கோடு, கரித்தூள் என்றால் கார்பென்டசிம் 50 சதத் தூள் லிட்டருக்கு 1 கிராம். இன்னதென்று தெரியவில்லை என்றால் காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம். 13×25 பைக்கு 50 முதல் 100 மில்லி, தூர் நனைய ஊற்றுங்கள். இலைமேல் தெளித்தால் வேருக்குப் போகாது. காய்ந்துகொண்டிருக்கும் மண்ணில் ஊற்றுங்கள், சேற்றில் ஊற்றினால் நேரே வழிந்துவிடும். மெட்டலாக்சிலைத் திரும்பத் திரும்ப ஊற்றினால் நோய் பழகிவிடும், ஒரு தொகுதி நாற்றுக்கு இரண்டு முறைக்கு மேல் வேண்டாம்.

போர்டோ கலவை செய்து ஊற்றலாம், மலிவு. 10 லிட்டருக்கு மயில்துத்தம் 100 கிராம், நீர்த்த நல்ல சுண்ணாம்பு 100 கிராம். தனித்தனிப் பிளாஸ்டிக் வாளியில் ஐந்தைந்து லிட்டரில் கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் கலக்கியபடி ஊற்றுங்கள். மாற்றி ஊற்றாதீர்கள். தேய்த்த இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் செம்பு நிறம் படியக்கூடாது. படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, நாற்று கருகும், இன்னும் கொஞ்சம் சேருங்கள். அன்றே தீர்த்துவிடுங்கள், மறுநாளுக்கு ஆகாது.

கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். மருந்து ஊற்றிய ஆவாரை நாற்றில் பூவோ இலையோ பறித்துக் குடிநீர் போடக்கூடாது.

தட்டில் ஒரு மூலை சாய்ந்துவிட்டது. மீதியைக் காப்பாற்றலாமா?

சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது. சாய்ந்த இடத்தோடு சுற்றிலும் இரண்டு விரற்கடை நல்ல நாற்றையும் மண்ணோடு கரண்டியால் அள்ளி எடுத்துவிடுங்கள். மனசு கேட்காதுதான், ஆனால் இழை ஏற்கெனவே அங்கே போயிருக்கும். மூன்று நாள் தண்ணீரை நிறுத்தி, காற்று படும் இடத்துக்கு மாற்றி, மீதிக்கு மருந்து ஊற்றுங்கள்.

அடீனியம் கிழங்கு மெத்தென்று ஆகிவிட்டது. போச்சா?

அடீனியம் அரேபியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வறண்ட பாறைச் சரிவுச் செடி. வாடினால் கிழங்கு சுருங்குவது இயல்பு. சுருங்கியும் கெட்டியாக இருந்தால் தாகம், அழுத்தினால் மெத்தென்று உள்ளே போய் நெடி வந்தால் அழுகல். செடியைப் பிடுங்கி, மண்ணை உதிர்த்து, கூரான கத்தியால் அழுகலை வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். பழுப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லாமல், சதை முழுக்க வெள்ளையாகத் தெரியும்வரை வெட்டுங்கள், பாதி கிழங்கு போனாலும் பரவாயில்லை. காப்பர் ஆக்ஸிகுளோரைடைக் குழைத்துப் பூசி, நிழலில் காற்றோட்டமாகத் தலைகீழாகக் கட்டி ஒரு வாரம் தொங்கவிடுங்கள். வெட்டுவாய் தோல்போல் காய்ந்ததும், செங்கல் சல்லியும் பெருமணலும் கலந்த உலர்ந்த கலவையில் நட்டு, பத்து நாள் கழித்து முதல் தண்ணீர். பால் நஞ்சு, கண்ணில் படாமல் கையைச் சோப்பால் கழுவுங்கள்.

கிளுவைப் போத்து நட்டால் அடி அழுகுகிறது?

பச்சைக் காயத்தோடு ஈரமண்ணில் நட்டிருப்பீர்கள். வெட்டிய போத்தை (நடுவதற்கான கிளையை) சில நாள் நிழலில் சாய்த்து வைத்து, பிசின் இறுகி வாய் மூடிய பிறகு நடுங்கள். மழை இறங்குமுன் நடுவதே நல்லது. அடைமழையில் வேண்டாம்.

பழைய பை, தட்டு, மண்?

தட்டில் ஒட்டிய மண்ணை முதலில் முழுக்கக் கழுவ வேண்டும், மண் இருந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும். பிறகு லிட்டருக்கு 15 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் அரை மணி நேரம். நோய்ப்பட்ட பையை மறுபடி பயன்படுத்தாதீர்கள். அந்த மண்ணை எருக்குழியிலோ தோட்டத்திலோ கொட்ட வேண்டாம், நாற்றங்காலுக்குக் கீழ்ச்சரிவில் குழி வெட்டிப் புதையுங்கள்.

சோதனைக்கு எங்கே, எப்படி அனுப்புவது?

கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பயிர் நோயியல் துறையிடமோ, உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திடமோ கேளுங்கள். முழுதும் செத்த நாற்றை மட்டும் கொண்டுபோகாதீர்கள். நல்லது ஒன்று, வாடத் தொடங்கியது மூன்று, சாய்ந்தது ஒன்று, எல்லாம் வேர்மண்ணோடு. வேரைக் கழுவாமல் செய்தித்தாளில் சுற்றி, வேர்ப்பகுதியை மட்டும் பையில் கட்டி, வெயில் படாமல் எடுத்துச் செல்லுங்கள். காருக்குள் வெயிலில் ஒரு மணி நேரம் விட்டால் மாதிரி வெந்துவிடும். திங்கள், செவ்வாயில் போனால் வார விடுமுறைக்குள் மாதிரி அழுகாமல் இருக்கும். விதைத்த தேதி, கலவை விகிதம், கடைசியாகத் தண்ணீரும் மருந்தும் ஊற்றிய தேதி, இவற்றை ஒரு துண்டுத் தாளில் எழுதி உடன் வையுங்கள்.